தொட்டி மேலிருந்து வரும் அத்தையின் குரல்

மக்களே, போன வாரம் சனிக்கிழமை நீங்கள் இருவரும் ஓடைப் பாலத்தின் நடுவில் நின்று விளையாடியதைப் பார்த்தேன். தெருத் தண்ணீர்த்தொட்டி மேல் இருக்கும் ஒலிபெருக்கியில், வாராவாரம் சோதித்துப் பார்ப்பதுபோல, உங்கள் அத்தையின் குரல் வந்தது. "ஏட்டி, எங்க போற? ஓடையில தண்ணி வருது, திரும்பு!" என்று அது அதட்ட, நீங்களும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதே மாதிரி அதட்டினீர்கள். கடைசிச் சொல்லில் குரல் உடைகிறதே, அதைக்கூட விடவில்லை. பெரியவள் நன்றாகச் செய்தாள், சின்னவன் அவளைவிட நன்றாகச் செய்தான். டீக்கடை அண்ணாச்சி கை தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

அந்தக் குரல் திரும்பு என்றது. நீங்கள் திரும்பவில்லை. பாலத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

அதற்காக உங்களை வைவதற்கு இதை எழுதவில்லை. அந்தக் குரல் அங்கே ஏறியபோது பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை, சின்னவன் பிறக்கவே இல்லை. நடந்தது உங்களுக்குத் தெரியாது. வாயால் சொல்ல எனக்கு வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எழுத்தில் தப்பு இருக்கும். உங்கள் டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

நம் தெருவுக்கும் மில்லுக்கும் நடுவில் ஓடை இருக்கிறது. பாலத்துக்குத் தெற்கே நாம். வடக்கே மில், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்கள், அதற்கப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு. பாலம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது ஓடை மட்டத்துக்குப் போட்ட சிமெண்டுப் பாதை. கைப்பிடிச் சுவர் கிடையாது. இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்தில் வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கும், அவ்வளவுதான். வருஷத்தில் பெரும்பாலும் ஓடை காய்ந்து கிடக்கும். மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வெளுத்த துணியைக் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். பார்த்தால் வெள்ளைத் துணியாலேயே ஒரு ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஓடையில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றுதான். மழை இங்கே பெய்யாது, மலையில் பெய்யும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மேற்கே மலை மட்டும் சட்டி அடிப்புறம் மாதிரி கறுத்துக் கிடக்கும். செத்த நேரத்தில் தண்ணீர் வந்து நிற்கும். முதலில் வருவது தண்ணீர்கூட இல்லை. சருகும் நுரையும் சுள்ளியும் ஒரு பாய் மாதிரி சுருண்டுகொண்டு வரும். அதற்குப் பின்னால்தான் தண்ணீர்.

ஒரு வருஷம் அப்படி வந்து, காயப்போட்ட துணியையும் நாலு ஆட்டையும் ஒரு மொபெட்டையும் கொண்டுபோனது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் துணி காயப்போட்டவர்கள் கரைக்கு ஓடி ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த தடவை என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. தெருவில் அதுவரை குழாயடியில் சண்டை போடுவதற்குத்தான் கூடுவோம். சர்ச்சுக்குப் போகிற வீடுகள் ஒரு பக்கம், அம்மன் கோயில் பொங்கலுக்கு வரி கொடுக்கிற வீடுகள் இன்னொரு பக்கம். அந்தத் தண்ணீர் வந்துபோன வாரத்தில்தான் முதன்முதலாக சர்ச் நாற்காலியும் கோயில் நாற்காலியும் ஒரே ரோட்டில் ஒன்றாகப் போடப்பட்டன.

எதிர்வீட்டு அக்காவை உங்களுக்குத் தெரியும், இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள்தான் எழுந்து சொன்னாள். ஓடை மலையை விட்டு இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறதல்லவா, அதன் தூணில் ஒரு பெட்டியை மாட்டலாம். தண்ணீர் ஏறினால் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிம்கார்டு நம் தெருவுக்கு போன் போடும். நம் தொட்டி மேல் இருக்கிற இன்னொரு பெட்டி போனை எடுத்ததும் பெரிய சத்தம் ஒன்று கேட்கும். தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி போகும். தண்ணீர் அங்கிருந்து இங்கே வருவதற்குள் ஓடையில் நிற்கிறவர்கள் கரை ஏறிவிடலாம்.

அவள் அம்மா பின்னால் இருந்து அவர்கள் வீட்டுத் தெலுங்கில், "ஒத்தும்மா, ஒத்து" என்று முந்தானையை இழுத்தாள். வேண்டாம், ஊர்ப்பொல்லாப்பு எதற்கு என்று. ஆனால் தெருவே அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நினைவிருக்கிறது, எங்களுக்கு நாங்களே ஒரு காரியம் செய்துகொள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுத்த கேள்வி, என்ன சத்தம் என்பது. அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம்.

"சர்ச் மணிய அடிப்போம்" என்று ஒருவர் சொன்னார்.

"அது அடிச்சா யாருக்கு என்னாச்சோன்னு பூராப் பயலும் சர்ச்சுக்குல்ல ஓடுவான்" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"அப்போ கோயில் குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு?"

"பாட்டு கேட்டா பந்தின்னு நெனச்சு எலையத் தூக்கிட்டு வருவானுவ."

"வெடி போட்டா?"

"வெடி போட்டா எவன் செத்தான்னு கேட்டு வருவானுவ. ஏலே, ஓடையில தண்ணி வருதுன்னு சொல்ல ஒரு சத்தம் இந்த ஊர்ல இல்லையா?"

அப்போதுதான் யாரோ சங்கு என்றார்கள். மூடிப்போன ஒரு பழைய மில்லின் சங்கு, இரும்புக்கடையில் கிடந்தது. மோட்டார் சுற்றினால் ஊளையிடுகிற அந்த இரும்புச் சங்குதான் ஒரு காலத்தில் ஊரின் அந்தப் பக்கத்தையே எழுப்பிவிட்டது. எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. சேத்தூர் வரைக்கும் கேட்கும் என்றார் அண்ணாச்சி. மில் சங்கிலிருந்து வித்தியாசம் தெரியட்டும் என்று மேலே தண்ணீர் இறங்கும் வரை மூன்று மூன்று தடவையாக விட்டு விட்டு ஊதுவதாக முடிவானது.

மற்ற எல்லாச் சத்தத்துக்கும் எங்கள் கால் எங்கே ஓடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். சங்குக்கு எங்கே ஓடும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை. நாங்கள் எல்லாம் சங்குக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதல் சங்குக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும், இரண்டாம் சங்குக்கு மில் கேட்டை அடைத்துவிடுவார்கள். உலை வைப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, தலை சீவுவது எல்லாம் சங்குக் கணக்குதான். கடிகாரம் ஓடாத வீடு உண்டு, சங்கு கேட்காத வீடு கிடையாது.

அத்தை, அதாவது என் தங்கச்சி, அப்போது நம் வீட்டில்தான் இருந்தாள். மாமா கேரளாவில் கொத்து வேலைக்குப் போயிருந்தார். அவள் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தாள், அந்த மாதம் மத்தியான ஷிப்டு. தெருவில் அவளுக்குப் பேரே வாயாடி. அவள் நின்று அதட்டினால் லாரி நிற்கும் என்பார்கள்.

சங்கைத் தொட்டி மேல் ஏற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வந்த பிறகு, சோதித்துப் பார்த்தோம். மில்லுக்கு விடுமுறை. தெரு முழுக்க அண்ணாந்து நின்றது. எதிர்வீட்டுப் பெண் பெட்டியைத் தட்டினாள். சங்கு முதலில் முனகியது, பிறகு ஏறியது, ஏறி ஏறி மலையில் போய் முட்டித் திரும்பியது. நிறுத்தினாலும் அது உடனே அடங்கவில்லை. உள்ளே சக்கரம் சுற்றுவது குறையக் குறைய, ஊளையும் மெதுவாகத்தான் இறங்கியது. அது இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிட்டது. மூன்றும் சேர்ந்து ஒரே நீள ஊளையாகத்தான் கேட்டது. ஆனால் அன்றைக்கு எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இனிமே மில்லுக்காரன் ஊதாட்டியும் நம்மளே ஊதிக்கிட்டு ஷிப்டுக்குப் போயிரலாம்!"

தெருவே சிரித்தது. உங்கள் அம்மா மட்டும் மேற்கே மலையைப் பார்த்து, "என்ன இருந்தாலும் அந்தச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐப்பசி வந்தது. அந்த மத்தியானம் நான் ஓடைக்கு வடக்கே, பாலத்தின் முகப்பில் இருக்கும் தறிக்கூடத்தில் ஆட்டோவில் துணி ஏற்றிக்கொண்டிருந்தேன். பேண்டேஜ் துணி, கொசுவலை மாதிரி மெல்லிசு, சுருள் சுருளாக அடுக்கியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. முதுகுப்பக்கம் மட்டும் என்னவோ குளிர்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மலையே இல்லை. மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. காக்கைகள் ஓடை மணலில் இருந்து மொத்தமாகக் கிளம்பிப் போயின.

அப்போது சங்கு ஊதியது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் ஷிப்டுதான் ஞாபகம் வந்தது. அதுக்குள்ள மணி ஆயிருச்சா என்று நினைத்தேன். என் பக்கத்தில் துணி தூக்கிக்கொண்டிருந்த தறிக்காரர் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிடப் போவோமா?" என்றார். பிறகுதான் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் தெருக் குழுவில் செய்தி. ஓடையில் தண்ணீர் வருகிறது, கரை ஏறுங்கள்.

எதிர்க்கரையைப் பார்த்தேன். மத்தியான ஷிப்டுப் பெண்கள் தெருவில் இருந்து ஓடி வந்தார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் முந்தானை. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் அவர்கள் எல்லாருடைய போனும் வீட்டில் கிடந்தது. அவர்களுக்குக் கேட்டது சங்கு மட்டும்தான். முதல் சங்கைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், இது இரண்டாவது என்று நினைத்திருக்கிறார்கள். கேட்டை அடைத்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அடுத்த நாள் போய் நின்றால் கேட்கிற பேச்சு தனி.

யாரை நிறுத்த அந்தச் சங்கை ஏற்றினோமோ, அவர்களை அது பாலத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

நான் கத்தினேன். "வராதிய! போங்க, திரும்பிப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சங்கு அம்புட்டுச் சத்தம். ஆட்டோ ஹாரனை அழுத்தினேன், அதையும் சங்கு விழுங்கிவிட்டது. கையை ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஓடி வந்தார்கள். அண்ணன் சீக்கிரம் வரச் சொல்கிறான் என்றுதான் தங்கச்சி நினைத்தாளாம். கடைசியாக வந்தவள் அவள்தான்.

மேற்கே இருந்து சருகுப் பாய் சுருண்டு வந்தது. மலை மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. காயப்போட்டிருந்த துணிகள் ஒவ்வொரு வரிசையாகப் படுத்தன. முன்னால் ஓடி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு எங்கள் கரையில் ஏறிவிட்டார்கள். தங்கச்சி பாலத்தின் கடைசிப் பாதியில் இருந்தாள். தண்ணீர் முதலில் கணுக்காலைத்தான் தொட்டது. செருப்பைப் பறித்தது. அவள் செருப்பைப் பிடிக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. ஓரத்து வெள்ளைக் கல் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கயிறு இல்லை. ஆட்டோவில் இருந்தது துணி மட்டும்தான். ஒற்றையாக இழுத்தால் பிள்ளைகூடக் கிழித்துவிடும். தறிக்காரர்கள் மூன்று பேரும் நானும் நாலைந்து சுருளைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். கை தானாகச் செய்தது. கையளவு தடிமனில் வெள்ளையாக ஒரு வடம் வந்தது. ஒரு முனையை ஆட்டோவில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

தண்ணீருக்குள் இருந்தவை எல்லாம் காலில் மோதின. நடுவில் ஒரு கட்டை வந்தது. என் பக்கம் வரவில்லை. அவள் பக்கம் போய், அவள் காலைக் கல்லோடு சேர்த்து இடித்தது. அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. சங்கு இன்னும் ஊதிக்கொண்டே இருந்தது.

அவளைப் போய்ப் பிடித்தபோது கல்லை விட மாட்டேன் என்றாள். காதுக்குள் வாயை வைத்து, "விடுட்டி, நான் பிடிச்சிருக்கேன்" என்றேன். தலையை ஆட்டினாள். விரல் விரலாகப் பிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஊரில் கரண்டு போனது. சங்கு மெதுவாக இறங்கி இறங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் தண்ணீரின் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அவ்வளவு தண்ணீரும் எங்களைச் சுற்றிச் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இப்போதும் சில நாள் தூக்கத்தில் எனக்குக் கேட்பது சங்கு இல்லை, அது நின்ற பிறகு கேட்டதுதான்.

கரையில் போட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். இடது முழங்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, கேட்ட அடச்சிருப்பாகளா?"

இந்த ஒரு வார்த்தையை மட்டும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது, மெயின்ரோட்டுப் பாலம் வழியாக நம் பக்கம் சுற்றிப் போக நேரமில்லை. துணிச் சுருள்களின் மேலேயே அவளைப் படுக்கவைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் வெயில். ரோட்டோரத்தில் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். அங்கே போய் உங்கள் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா" என்றேன்.

"எந்தத் தங்கச்சி?" என்றாள். "அவ மில்லுக்குல்ல போயிருக்கா? நாந்தான தூக்குவாளிய எடுத்துக் குடுத்தேன். சங்கு ஊதிருச்சு ஓடுட்டின்னு நாந்தான சொன்னேன்."

போனை வைக்காமலேயே அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு தெரு கூடியது. இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. டீக்கடை அண்ணாச்சி யாரிடமும் கேட்காமல் ஸ்பேனரோடு தொட்டி மேல் ஏறிச் சங்கைக் கழற்றி இறக்கினார். "கொலகாரச் சனியன்" என்று காலால் உதைத்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்றுகூடத் தெரியாது. சர்ச்சுக்காரர்கள் கோயில்காரர்களைக் குறை சொன்னார்கள், அவர்கள் இவர்களைச் சொன்னார்கள். குழாயடி பழையபடி ஆனது. தூணில் மாட்டிய பெட்டி மட்டும் அங்கேயே இருந்தது. மேலே மழை பெய்தால் அது பாட்டுக்கு போன் போடும், இங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை. அந்த நாட்களில்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. ஐப்பசி இன்னும் முடியவில்லை, கார்த்திகை வேறு இருந்தது. பெண்கள் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போனார்கள்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அந்தப் பெண் நின்றாள். பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. தங்கச்சிதான் பார்த்துவிட்டு, "என்னட்டி அங்கனயே நிக்க? தண்ணியா வருது?" என்றாள்.

அந்தப் பெண் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். தங்கச்சி விட்டுவிட்டாள். செத்த நேரம் கழித்து, "போதும், நர்சு வைவா" என்றாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அவள். "அன்னைக்கு என்ன கேட்டிருந்தா நீங்க நின்னுருப்பீங்க?"

தங்கச்சி யோசித்தாள். "சங்கு கேட்டா நம்ம கால் நம்ம பேச்சக் கேக்காது. யாராச்சும் பின்னால இருந்து வஞ்சிருந்தா நின்னுருப்பேன். எவட்டி அவ என்னைய வைறதுன்னு திரும்பிப் பாத்திருப்பேன்ல?"

"யாரு வஞ்சா நிப்பாங்க?"

"நம்ம தெருவுலயா? நான் வஞ்சா எல்லாரும் நிப்பாளுக."

அந்தப் பெண் போனை எடுத்தாள். வேண்டாம், குணமான பிறகு பார்க்கலாம் என்று நான் சொன்னேன். தங்கச்சி, "தண்ணி எனக்குக் குணமாகுற வரைக்கும் இருக்குமாக்கும்?" என்று சொல்லி, கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். அப்படி எழும்போதே சொன்னதுதான் நீங்கள் கேட்கிற குரல். ஏட்டி, எங்க போற? ஓடையில தண்ணி வருது, திரும்பு. கடைசிச் சொல்லில் முழங்கால் அசைந்துவிட்டது. குரல் அதனால்தான் உடைகிறது. கவனித்துக் கேட்டால் பின்னால் ஒரு கட்டில் இழுபடுகிற சத்தமும் கேட்கும். மறுபடி நன்றாகப் பேசித் தருகிறேன் என்றாள். அந்தப் பெண், "இதுவே இருக்கட்டும்க்கா" என்றாள்.

சங்கு இருந்த இடத்தில் ஒலிபெருக்கி ஏறியது. அதை ஏற்றியவரும் அண்ணாச்சிதான். ஆனால் குரல் மட்டும் போதாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. கேட் அடைபடும் என்றால் யார் வைதாலும் கால் ஓடத்தான் செய்யும். அவளும் அண்ணாச்சியும் ஷிப்டுப் பெண்கள் சிலரும் மில் ஆபீசுக்குப் போனார்கள். மில்காரர்கள் முதலில் யோசித்தார்கள். வராதவர்கள் எல்லாம் ஓடையைச் சொல்வார்களே, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். அப்படியென்றால் உங்கள் கேட்டிலும் ஒரு ஒலிபெருக்கி மாட்டுகிறோம், அதே குரல் அதே நேரத்தில் உங்களுக்கும் கேட்கும் என்றாள் அந்தப் பெண். ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குரல் வந்த நாளில், மெயின்ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றி வருகிறவர்களுக்காகக் கேட் திறந்தே இருக்கும். அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது. அதற்குப் பிறகு ஓடையில் பலமுறை தண்ணீர் வந்துவிட்டது. வந்தபோதெல்லாம் அத்தை அதட்டினாள், பெண்கள் நின்றார்கள், திரும்பினார்கள்.

அத்தை அந்தக் குரலைத் தொட்டியில் இருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். இடது கால் மடங்காது. தளவாய்புரத்தில் இருந்து வருகிற நைட்டித் துணிகளை மோட்டார் மெஷினில் தைக்கிறாள். நம் வீட்டுக்கு வரச் சொன்னால், "வாரேன், வாரேன்" என்பாள். வரமாட்டாள். நீங்கள் லீவுக்குப் போனால் அவளிடம் இதைப்பற்றிக் கேட்க வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள்.

எதிர்வீட்டு அக்கா கோயம்புத்தூர் போவதற்கு முன்னால் நான் அவளிடம் ஒன்று கேட்டேன். "மழையில டவர் படுத்துருச்சுன்னா? கரண்டு போயிருச்சுன்னா?"

பேட்டரி இருக்கிறது என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எல்லாமே படுத்துருச்சுன்னா நம்மதாண்ணே கத்தணும்" என்றாள். "எல்லாரும் பாலத்துல ஒரு கண்ணு வச்சுக்கிடணும். பெட்டி இருக்குன்னு இருந்துரக் கூடாது."

எனக்கு இப்போது இருக்கிற பயம் டவர் இல்லை. வாராவாரம் கேட்டுக் கேட்டு அந்தக் குரலும் ஊருக்குப் பழகி வருகிறது. சங்கும் அப்படித்தான் பழகியது. கேட்டதும் ஓடப் பழகினோம், நின்று யோசிக்கப் பழகவில்லை. இந்தக் குரலைக் கேட்டதும் சிரிக்கப் பழகிவிட்டால்? நீங்கள் விளையாடிய அன்றைக்கும் மேற்கே மலை கறுத்துத்தான் இருந்தது. நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

நேற்று மறுபடி சனிக்கிழமை. உங்களை அம்மாவோடு கடைக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்குத் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் கிடைத்து, மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த அத்தையின் பழைய தூக்குவாளியை எடுத்துத் துடைத்தேன். குரல் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மில்லுக்குப் போகிற ஆள் மாதிரி வேகமாக நடந்தேன். ஓடை காய்ந்திருந்தது. பாலத்தில் யாரும் இல்லை. அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் கால் வைத்தபோது முதுகுக்குப் பின்னால் தொட்டியில் இருந்து அவள் அதட்டினாள். எங்க போற என்றாள்.

நின்றேன். திரும்பினேன். தூக்குவாளியோடு வீட்டுக்கு நடந்தேன்.